வெள்ளிக் கிண்ணத்தில் இருந்த பெயர்

முப்பத்திரண்டு வருஷம் மைசூரில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சராக இருந்தேன். காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் வாசிப்பதுதான் முதல் வேலை. சேர்ந்து சில வருஷங்கள் கழித்து ஒரு ஜூன் மாதம் புதுப் பதிவேட்டில் அந்தப் பெயர் இருந்தது. நான் அதைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். எல்லாப் பெயரும் முடிந்த பிறகு இரட்டைச் சடை போட்ட ஒரு குட்டிப் பெண் எழுந்து நின்று, தன் பெயரை மட்டும் ஏன் கூப்பிடவில்லை என்று கன்னடத்தில் கேட்டாள். உட்காரச் சொல்லிவிட்டு அவள் பெயருக்கு நேரே குறி போட்டேன். அந்த வருஷம் முழுக்க அவளை 'ஏய் ரெட்டைச் சடை' என்றே கூப்பிட்டேன். டீச்சருக்குத் தன் மேல் தனிப் பிரியம் என்று அது நினைத்துக்கொண்டது.

பிறகு அந்தப் பெயர் நாகரிகமாகிவிட்டது. வகுப்புக்கு இரண்டு பேராவது இருந்தார்கள். குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் எந்தப் பட்டியலிலும் இன்றைக்கும் அது முதல் பக்கத்திலேயே வரும். சமஸ்கிருதம், வங்காளத்தில் பிரசித்தம், பொருள் 'சாவில்லாதவள்' என்று போட்டிருப்பார்கள். எல்லாம் சரிதான். எங்கள் வீட்டுக்கு அது எப்படி வந்தது, வந்து என்ன செய்தது என்பது எந்தப் பட்டியலிலும் இருக்காது. நானும் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா. வேலூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக மைசூர் வந்தவர். சாமி கும்பிடுவார், சகுனம் பார்க்க மாட்டார். பூனை குறுக்கே போனால், "அதுக்கும் ஆபீசுக்கு நேரமாச்சு போல" என்பார். மூத்தவளான எனக்கு வழக்கப்படி அவருடைய அம்மாவின் பெயரை வைத்தார்கள். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. 'பெரியவளே' என்பாள், கோபம் வந்தால் 'மூதேவி' என்பாள். இரண்டுக்கும் ஓடி வருவேன்.

சுதந்திரம் வந்த வருஷம் அடுத்த பெண் பிறந்தாள். கடமைக்கு ஒரு பெயர் வைத்தாயிற்று, இனி தன் இஷ்டம் என்று அப்பா சொல்லிவிட்டார். வாராவாரம் வாங்கும் பத்திரிகையில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு வங்காளத் தொடர்கதையிலிருந்து அந்தப் பெயரைப் பிடித்தார். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் யாருக்கும் இல்லாத பெயர். "புது நாட்டுக்குப் புதுப் பேரு" என்று ஒர்க்‌ஷாப் முழுக்கச் சொல்லி மிட்டாய் கொடுத்தாராம். அம்மாவுக்குப் பெயர் பிடித்திருந்தது, அர்த்தம் பிடிக்கவில்லை. "இப்படி வெளிப்படையா சொல்லக் கூடாதுங்க. கேட்டுக்கிட்டு இருக்கிறவன் ஒருத்தன் இருக்கான்" என்றாளாம். அப்பா சிரித்துவிட்டு, டவுனில் ஆசாரியிடம் சின்ன வெள்ளிக் கிண்ணம் ஒன்று செய்யக் கொடுத்து, அதன் வெளிப்பக்கத்தில் அந்தப் பெயரைப் பொறித்து வாங்கி வந்தார்.

அந்தக் குழந்தை ஒரு வருஷமும் இரண்டு மாதமும் இருந்தது. மூன்று நாள் காய்ச்சல். சின்னக் குழந்தைகளை எரிப்பதில்லை. அப்பா ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றிக் கையில் தூக்கிக்கொண்டு போனார், ஈரத் தலையோடு திரும்பி வந்தார். அந்தத் துண்டை அவரே துவைத்துக் கொடியில் போட்டார். எனக்கு அப்போது ஐந்து வயது. அது காய்ந்த பிறகும் யாரும் எடுக்காமல் ஒரு வாரம் கொடியிலேயே கிடந்தது நன்றாக நினைவிருக்கிறது.

மறுபடி பெண் பிறந்தது. அப்பா மறுபடி அதே பெயரை வைத்தார். அம்மா காலில் விழாத குறை. "பேரு என்ன, கடிக்குமா? காய்ச்சல்ல போன குழந்தைக்குப் பேரு மேல பழி போடுறியே!" என்று கத்தினார். ஊரில் அவரைப் பிடிவாதக்காரர் என்றார்கள், சிலர் கல் நெஞ்சுக்காரர் என்றும் சொன்னார்கள். எனக்கு இந்த வயதில்தான் புரிகிறது. பெயரை மாற்றினால், முதல் குழந்தையைத் தான் வைத்த பெயர்தான் கொன்றது என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதை ஒப்புக்கொண்டு அந்த மனிதரால் உயிரோடு இருந்திருக்க முடியாது. ஆகவே அந்தப் பெயரில் ஒரு குழந்தை வளர்ந்தே ஆகவேண்டும். அம்மாவுக்கு, அந்தப் பெயரில் இன்னொரு குழந்தை இருக்கவே கூடாது.

இரண்டாவது குழந்தை ஒன்பதே மாதத்தில் வயிற்றுப்போக்கில் போயிற்று. அதே வெள்ளைத் துண்டு. கிண்ணம் கழுவிக் கவிழ்த்தபடி அலமாரியில் இருந்தது.

மூன்றாவதும் பெண். எனக்கு ஒன்பது வயது. பெயர் வைக்கும் நாளன்று அப்பா அலமாரியிலிருந்து கிண்ணத்தை எடுத்து, விபூதி போட்டுப் பளபளவென்று தேய்த்தார். வந்திருந்த இரண்டு அண்டை வீட்டுக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா குழந்தையின் காதில் குனிந்து மூன்று தரம் சொன்னார். அதே பெயர். அம்மா அழவில்லை, சர்க்கரைத் தண்ணீரைக் குழந்தையின் நாக்கில் தொட்டு வைத்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி அப்பா கிளம்பிப் போனதும் அம்மா கொல்லைக் கதவைத் திறந்தாள். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையைப் பெருக்குகிற கன்னடத்து அம்மாள் அங்கே தயாராக நின்றிருந்தாள். முதல் நாளே பேசி வைத்திருக்கிறார்கள். அம்மா குழந்தையைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டின் மேல், சாம்பலும் வாழைச் சருகும் கிடந்த இடத்தில், வெறுந்துணியில் கிடத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தாள். மைசூர்த் தூறல் தூறிக்கொண்டிருந்தது. குழந்தை வீரிட்டு அழுதது. நான் ஓடப் பார்த்தேன், அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அம்மாள் குழந்தையைத் தூக்கி மார்பில் அணைத்துக்கொண்டு எங்கள் கொல்லை வாசலில் வந்து நின்றாள். "ஈ மகு நன்னது" என்றாள். இந்தக் குழந்தை என்னுடையது என்று அர்த்தம். அம்மா ஒரு முறம் தவிட்டை நீட்டினாள். அவள் தவிட்டை வாங்கிக்கொண்டு குழந்தையைக் கொடுத்தாள். பிள்ளை தங்காத வீடுகளில் இப்படித் தவிட்டுக்கு வாங்குவது எங்கள் பக்கமும் உண்டு, கன்னடக்காரர்களிடமும் உண்டு. குப்பையில் கிடந்ததை, தவிட்டுக்கு விற்றதை எமன் எதற்குத் தேடி வரப்போகிறான்? அதன் பிறகு குழந்தைக்குப் பெயர் 'குப்பை'. அம்மா அதைத்தான் கொஞ்சலாக, பாட்டாக, அதட்டலாகச் சொன்னாள்.

"அஞ்சு வயசு முடியிற வரைக்கும் வேற பேரு சொல்லிக் கூப்பிட்டா இது ஏன்னு கேக்கக் கூடாது. கேட்டா வியாபாரம் முறிஞ்சிடும்" என்று அம்மா என்னிடம் சொன்னாள். இது வழக்கத்தில் உள்ளதா, அம்மாவே சேர்த்துக்கொண்டதா தெரியாது. பயந்தவர்கள் சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டுக்கொள்வார்கள். ஆனால் அப்பா மாலையில் வந்ததும் வாசலிலிருந்தே அந்தப் பெயரைத்தான் கூப்பிடுவார். அதற்கும் அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். "அப்பா கூப்பிட்டா நீ ஏம்ப்பான்னு கேட்டுக்கிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கிட்டுப் போ. அது வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி நீ கேட்டுடணும்."

அப்படித்தான் நான் அந்தப் பெயருக்குப் பதில் சொல்லத் தொடங்கினேன். ஒரு நாளைக்கு ஐந்து தரம், பத்து தரம். அப்பா அதில் ஒன்றும் சந்தேகப்படவில்லை. மூத்தவள் பொறுப்பானவள் என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசினார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எங்கள் புளுகு இரண்டு வருஷம் ஓடியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. குழந்தைக்கு விவரம் தெரியத் தொடங்கியதும், அந்தப் பெயர் காதில் விழுந்தால் திரும்பக் கூடாது என்று பழக்க வேண்டியிருந்தது. அம்மாவால் அந்தப் பெயரை உச்சரிக்க முடியவில்லை. ஆகவே மத்தியானங்களில் நான்தான் குழந்தையின் பின்னால் உட்கார்ந்து அதைச் சொல்வேன். திரும்பினால் தொடையில் கிள்ளுவேன். 'குப்பை' என்று கூப்பிட்டுத் திரும்பினால் வெல்லக் கட்டி. சீக்கிரமே கற்றுக்கொண்டது. அந்தப் பெயரைச் சொன்னால் தலை அசையாது, கண் மட்டும் ஒரு தடவை சிமிட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அதன் முதுகுக்குப் பின்னால் நின்று நாலு தரம் பெயரைச் சொன்னார். நான் முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்தேன், முந்திக்கொள்ள முடியவில்லை. குழந்தை சொப்பு வைத்து விளையாடிக்கொண்டே இருந்தது. அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று முடிவு கட்டி, மறுநாளே லீவு போட்டு, ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். கூட என்னையும் அழைத்துப் போனார். டாக்டர் குழந்தையின் பின்னால் சாவிக்கொத்தை ஆட்டினார். சட்டென்று திரும்பிச் சிரித்தது. "காது நன்றாக இருக்கிறது. பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் பார்க்கலாம்" என்றார். அப்பா கூப்பிட்டார். குழந்தை மேஜைமேல் இருந்த மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தது. டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்பாவையே பார்த்தார்.

 சகுனத்தைக் கேலி செய்த மனிதர், அன்று திரும்பும்போது ஜட்காவில் குழந்தையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதன் உச்சந்தலையையே பார்த்தபடி வந்தார். அந்தப் பெயரே தன் பிள்ளையைத் தொட மறுக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அம்மாவை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் அந்தப் பெயரைச் சொல்வது பாதியாகக் குறைந்துவிட்டது. அம்மாவுக்கு அது வெற்றியாகப் பட்டது, எனக்கு வீட்டில் இன்னும் ஒரு ஆள் பயப்படுகிறார் என்று மட்டும் பட்டது.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் அந்தக் கன்னடத்து அம்மாளிடம் நான் கேட்டேன். அவள் கொல்லையில் கூடையை இறக்கி வைத்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். எங்களோடு பழகிப் பழகி ஒரு மாதிரித் தமிழ் பேசுவாள். "குப்பை அந்தப் பேருக்குக் கேக்கலைன்னா அந்தப் பேரு யாருக்குப் போகும்?" என்றேன்.

"யாரு ஏன்னு கேக்குறாங்களோ அவ்ரிக்கே" என்றாள், பாக்கைக் கடித்தபடி. பிறகு, "உங்க மனேல யாரு கேக்குறாங்க?" என்றாள்.

"நான்தான்."

அவள் வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் வந்தபோது, அம்மா பார்க்காத நேரம், கறுப்புக் கயிறு ஒன்றை என் கணுக்காலில் கட்டிவிட்டாள். பெற்ற மனம் பித்து என்பார்கள். எந்தப் பிள்ளைக்காகப் பித்து என்பதைப் பழமொழி சொல்வதில்லை. அம்மா தெரிந்துதான் செய்தாளா, தெரியாமல் செய்தாளா என்று அந்தப் பதினொரு வயதிலேயே யோசிக்கத் தொடங்கினேன். கேட்கத் தைரியம் வரவில்லை. அப்பா கூப்பிட்டபோதெல்லாம் "ஏம்ப்பா" என்று முன்போலவே ஓடினேன், கணுக்காலில் கயிறு இருக்கிறதா என்று ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு.

அந்த தசராவுக்கு அரண்மனை விளக்கு பார்த்துவிட்டு வந்த வாரம் எனக்குக் காய்ச்சல் கண்டது. டைபாய்டு. இருபத்தோரு நாள் போக வேண்டும் என்றார் டாக்டர். கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை, முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் உதிர்ந்தது. பதினைந்தாவது நாளோ பதினாறாவது நாளோ, கொடியில் எதையோ தேடுவதுபோல் எழுந்து கையை நீட்டினேனாம். எதைத் தேடினேன் என்று அம்மாவுக்குப் புரிந்திருக்கிறது. டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த வெள்ளைத் துண்டை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டாள். துணி கருகும் நாற்றம் கூடம் வரைக்கும் வந்தது.

அன்று மத்தியானம், சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் அப்பா என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். குழந்தை முற்றத்துக் குழாயடியில் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. வெயில் ஏறியிருந்தது. எப்போதும்போல் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பா அந்தப் பெயரைக் கூப்பிட்டார்.

எனக்குக் கண் திறக்கவில்லை. ஆனால் இரண்டு வருஷப் பழக்கம், வாய் தானாகத் திறந்தது. "ஏம்..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அம்மாவின் கை என் வாயை அழுத்திப் பொத்தியிருந்தது. அந்தக் கையில் சாம்பல் வாசம் அடித்தது. "நீ கேக்காதடி" என்றாள் என் காதில். "என் கண்ணு, நீ கேக்காத."

அப்பா இரண்டாம் தரம் கூப்பிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. நான் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, முற்றத்தைப் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுவரில் ஒன்றும் கிடையாது. அப்பா மூன்றாம் தரம் கூப்பிட்டார். என் குரலையே இரண்டு வருஷம் கேட்டுக் கேட்டுப் பாடமாகியிருக்க வேண்டும், குழாயடியிலிருந்து மழலையில் வந்தது: "ஏம்ப்பா?"

 அம்மா கையை என் வாயிலிருந்து எடுக்கவில்லை.

அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். வாயைக் கோணிக்கொண்டு அழுதார், பெரிய சத்தத்தோடு. "பாத்தியா, கேட்டா! என் பொண்ணு கேட்டுட்டா!" என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்கு வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு உரியவள் வாயால் அதற்குப் பதில் வந்தது அன்றைக்குத்தான். முன்பு இருந்த இருவருக்கும் அந்த அளவு பேச்சு வரவே இல்லை. அலமாரியிலிருந்து கிண்ணத்தை எடுத்துப் பால் ஊற்றிக் கொடுத்தார். அம்மா அது குடிப்பதைப் பார்க்காமல் எழுந்து உள்ளே போனாள்.

எனக்குக் காய்ச்சல் இறங்கியது. தங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை, அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை. ஆனால் அம்மா காத்திருந்தாள். அது தும்மினால் அடுப்பை விட்டு எழுந்து வந்து பார்ப்பாள். மூன்று வயது, நான்கு வயது, ஐந்து முடிந்த பிறகும் காத்திருந்தாள். தங்கை ஸ்கூலுக்குப் போனாள், காலேஜுக்குப் போனாள், கல்யாணமாகி டெல்லிக்குப் போனாள். மணமேடையிலும் அம்மா, "குப்பை, தலையை நிமிர்த்துடி" என்றுதான் சொன்னாள். சம்பந்தி வீட்டார் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! தங்கை சிரித்துச் சமாளித்துவிட்டு, பிறகு என்னிடம், "ஒரே ஒரு தரம் அம்மா என் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்களாக்கா?" என்று கேட்டாள். அவளுக்கு எல்லாக் கதையும் தெரியும், அந்த மத்தியானத்தைத் தவிர. அதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. அம்மாவும் நானும்கூட அதைப் பேசியதில்லை. எந்தப் பிள்ளையின் வாயைப் பொத்தினாள், எந்தப் பிள்ளையை விட்டுவிட்டாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அந்தக் கூச்சம் கடைசி வரைக்கும் எங்களுக்குள் இருந்தது.

அப்பா போய்ப் பத்து வருஷம் கழித்து அம்மா படுக்கையில் விழுந்தாள். தங்கை டெல்லியிலிருந்து வந்து ஒரு மாதம் கூட இருந்தாள். கடைசி நாள் காலை பத்து மணி இருக்கும். ஜன்னல் வழியாக வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. தங்கை சமையலறையில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். அம்மா திடீரென்று கண்ணைத் திறந்து, வாசல் பக்கம் பார்த்து, தெளிவான குரலில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குப்பை பிறந்ததிலிருந்து முதல் தடவை.

"ஏம்மா?" என்றேன் நான். என்ன செய்வது, பழக்கம்.

அம்மாவின் கை மெல்ல எழுந்து வந்து என் வாயை மூடியது. அதில் பலமே இல்லை. "நீ கேக்காதடி பெரியவளே" என்றாள். "அவங்களைக் கூப்பிடுறேன். ரெண்டு பேரும் வாசல்லயே நிக்கிறாங்க பாரு."

கரண்டியைப் போட்டுவிட்டுத் தங்கை ஓடி வந்தாள். கையில் கஞ்சி ஒட்டியிருந்தது. அம்மா மறுபடி கண்ணை மூடியிருந்தாள். ஐம்பது வயதுக்காரி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல் மூச்சு வாங்கினாள்.

"அக்கா, அம்மா என்னையா கூப்பிட்டாங்க?"

அம்மாவின் கையை என் வாயிலிருந்து எடுத்துப் போர்வைமேல் வைத்தேன்.

"ஆமாடி" என்றேன். "உன்னைத்தான்."